தட்டில் எவ்வளவு, உடம்பில் எவ்வளவு?

"கீரையில் நஞ்சு", "அரிசியில் காட்மியம்" என்று வாட்ஸ்அப்பில் ஓர் ஆய்வறிக்கைப் படம் வந்தால் போதும், அன்றைக்கு வீட்டுச் சமையலே மாறிவிடுகிறது. அந்தப் படத்தில் இருப்பது ஒரு கிலோ உணவில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. நமக்குள் எவ்வளவு போகிறது என்பது வேறு கணக்கு.

நம்பிக்கை: அனுமதித்த அளவுக்குள் இருந்தால் கவலையே வேண்டாம்.

உண்மை: யார், எவ்வளவு சாப்பிடுகிறார் என்று பார்க்க வேண்டும். தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் வரை காட்மியம் இருக்கலாம் என்கிறது சர்வதேச உணவுத் தர விதி. அந்த உச்ச அளவுள்ள அரிசியைத் தினம் 300 கிராம் பொங்கிச் சாப்பிட்டால், மாதத்துக்கு 3,600 மைக்ரோகிராம் உள்ளே போகும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2010இல் வகுத்த வரம்போ, உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,500. வாரம் ஒருநாள் மட்டும் சோறு உண்பவர் அதே அரிசியில் இந்த வரம்பைத் தொடக்கூட மாட்டார். நாம் வாங்கும் அரிசியில் பெரும்பாலும் இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால் ஜப்பானில் சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியைப் பல ஆண்டுகள் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு முறிந்தது. "இதாய் இதாய்", அதாவது "வலிக்குதே, வலிக்குதே" என்ற அவர்களின் அலறலே அந்த நோய்க்குப் பெயராயிற்று.

நம்பிக்கை: மஞ்சள், உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் காட்மியம் போன்ற உலோகம் போய்விடும்.

உண்மை: மேலே ஒட்டிய மண்ணும் தூசியும் போகும், வேர் வழியே ஏறிய காட்மியம் போகாது. அரிசியில் உள்ள ஆர்செனிக்குக்கு நம் பாட்டிமார் வழி உதவும். நல்ல தண்ணீரை நிறைய வைத்து வேகவிட்டுக் கஞ்சி வடித்தால் கணிசமான பங்கு வெளியேறும். குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்தால் சோற்றிலேயே தங்கிவிடும். அதனால்தான் முறையான ஆய்வில் காய்கறியைக் கடையில் வாங்கி, வீட்டில் செய்வதுபோலவே கழுவி, நறுக்கி, சமைத்த பிறகு சோதிக்கிறார்கள்.

நம்பிக்கை: நைட்ரேட் இருப்பதால் கீரை ஆகாது.

உண்மை: கலவையாக 400 கிராம் காய்கறி உண்டால் நாளுக்குச் சுமார் 157 மில்லிகிராம் நைட்ரேட் சேரும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008இல் கணக்கிட்டது. 60 கிலோ எடைக்கு வரம்பு 222. தாராளமாகச் சாப்பிடலாம். கீரை மசியலை மட்டும் அடுப்படியில் மணிக்கணக்கில் வைத்திருந்து கைக்குழந்தைக்கு ஊட்டாதீர்கள். நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிவிடும்.

நம்பிக்கை: "கண்டறியப்படவில்லை" என்றால் பூஜ்யம்.

உண்மை: சோதித்த கருவிக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். அதனால் பூஜ்யம் என்று ஒருமுறை, கருவிக்கு எட்டும் குறைந்தபட்ச அளவு என்று ஒருமுறை, இருவிதமாகவும் கணக்கிடுவார்கள்.

இத்தனை கணக்கும் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில்தான் நிற்கிறது. குழந்தை மிச்சம் வைத்த சோற்றை வழித்துச் சாப்பிட்ட அம்மா, அதைச் சொல்வதே இல்லை. கணக்கெடுக்க யாராவது வந்தால் உங்கள் வீட்டுக் கரண்டியையும் கிண்ணத்தையும் எடுத்துக் காட்டி, அந்தக் கடைசிக் கவளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.