பிறநாட்டு உத்தியோகமும் விண்ணப்ப மரபும்

மலாய் நாட்டிலே தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்குமிடையே 1885ஆம் ஆண்டிற் புகையிரதம் ஓடத் தொடங்கிய காலத்தையொட்டி, யாழ்ப்பாணத்தவர் பலர் அங்கே சென்று எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் கடமையாற்றினர். பேராக், செலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்னும் நான்கும் 1896இல் ஒன்றிணைக்கப்பட்ட பின்னர் அவர் தொகை மேலும் பெருகிற்று. முன்னே சென்றவரின் அறிமுகம் பின்னே சென்றவர்க்குப் பெருந்துணையாயிருந்தது.

இன்று சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ விண்ணப்பிக்கும் இளைஞனை அங்குள்ளோர் அறியார். கடிதமே அவனுக்கு முகமாகும். ஆதலின், தான் இலங்கையில் வசிப்பதையும், வேலை அனுமதிப் பத்திரம் இல்லையாயின் அதனையும் முதற் கடிதத்திலேயே ஒளியாது கூறல் வேண்டும். அந்நாட்டிலுள்ள சிறிய தந்தையாரின் விலாசத்தைத் தமதுபோல எழுதுவோருஞ் சிலருளர். நாளைக் காலை நேரில் வருக என அழைப்பு வந்தால் அவர் என் செய்வரோ! இப்போதுள்ள கடமையிலிருந்து விலக எத்துணை நாள் முன்னறிவித்தல் வேண்டுமெனக் கணக்கிட்டு, பதவியேற்கக்கூடிய நாளையுங் குறிப்பிடுதல் நன்று. பிரயாணச் செலவு, வீட்டு வசதி என்பனவற்றைப் பின்னர் வினாவலாம். ஆயினும் ஒப்பமிடுமுன் அவற்றை எழுத்திற் பெறாதிருத்தல் பேதைமை.

ஆசிரியரைக் கேளாமலே அவர் பெயரை நற்சான்றுக்கு எழுதிவிடும் வழக்கம் எம்மவரிடையே மிகுந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து திடீரென வினா வரும்போது, பத்தாண்டுகளுக்கு முன் கற்ற மாணவனை நினைவுகூர மாட்டாது அவர் இடர்ப்படுவார். முன்னரே அனுமதி பெற்று, உத்தியோகம் யாது, தான் பெற்ற தகைமைகள் யாவை எனச் சிறு குறிப்பொன்று அனுப்பினால் மனமுவந்து எழுதுவார். முடிவை, வேலை கிடையாதபோதும், அவருக்கு அறிவித்தல் கடன்.

நேர்முகப் பரீட்சை இந்நாளிற் கணினித் திரையிலும் நடைபெறுகின்றது. சிங்கப்பூர் நேரம் எமது நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. துபாய் நேரம் ஒன்றரை மணி பிந்தியது. எந்நாட்டு நேரமென்பதைக் கேட்டு உறுதி செய்க.

பல இடங்களுக்கு விண்ணப்பித்தல் குற்றமன்று. ஓரிடத்தை ஏற்று ஒப்பமிட்டு, அவர்கள் அனுமதிப் பத்திரமும் பெற்றபின், நூறு வெள்ளி கூடுதலென்று வேறிடஞ் செல்லுதலை நாம் மிகவுங் கண்டிக்கின்றோம். அவ்வலுவலகத்துக்கு அடுத்து எழுதும் எமது கல்லூரிப் பையனின் கடிதம் பிரிக்கப்படாமலே கிடக்கவுங் கூடும். மனம் மாறினால் அன்றே நான்கு வரி எழுதி விலகிக்கொள்க.

உத்தியோகம் உறுதியானபின், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிதலும், இங்குள்ள மேலதிகாரியிடம் நேரிற் சென்று விடைபெறுதலும் எஞ்சியிருக்கும்.