முதல் தடவை மட்டை பிடிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

கோல்ப் துரைமாருடைய விளையாட்டு என்ற நினைப்பு நம் தோட்டங்களில் இன்னும் போகவில்லை. நுவரெலியா கிளப்பை 1889இல் தொடக்கியது கோர்டன் ஹைலண்டர்ஸ் என்ற ஸ்கொட்லாந்துப் பட்டாளத்து ஆள். பிறகு தோட்டத்துத் துரைமார் வந்து சேர்ந்தார்கள். பை தூக்கியது நம் ஆட்கள். இப்போது வெளியாரும் காசு கட்டி ஆடலாம். நல்லதண்ணியில் இருந்து கிளம்பும் தம்பி தங்கச்சிமாருக்கு இந்தக் கிழவன் சொல்ல இருப்பது இவ்வளவுதான்:

1. போகுமுன் போன் பண்ணி முழுக் கணக்கையும் கேளுங்கள். மைதானக் கட்டணம், மட்டை வாடகை, சப்பாத்து, பந்து, பை தூக்கி வரும் கெடியின் கூலி எல்லாம் தனித்தனி. முதலாவதை மட்டும் கேட்டுவிட்டுப் போய்க் கவுண்டரில் முழிக்காதீர்கள். உள்ளூர்க்காரருக்கான விலையைக் கேட்கவும் வெட்கப்பட வேண்டாம். கொலர் வைத்த சட்டை போடுங்கள்.

2. மட்டை வாங்காதீர்கள். சட்டப்படி பையில் 14 மட்டை வரை வைக்கலாம். புது ஆளுக்கு ஐந்து போதும். டிரைவர் என்ற பெரிய மட்டையைப் பையிலேயே விடுங்கள். நுவரெலியா 18 குழிக்கும் சேர்த்து 5,500 யார் சொச்சம்தான், ஆனால் பாதை ஒடுக்கம், இரண்டு பக்கமும் மரம். அங்கே தூரமாக அடிக்கிறவனைவிட நேராக அடிக்கிறவன்தான் பிழைப்பான்.

3. கெடி சொல்வதைக் கேளுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அவர் ஒரு சிட்டிகை புல்லைக் கிள்ளி மேலே விடுவார். அது எந்தப் பக்கம் விழுகிறதோ அதுதான் காற்று. குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் குந்தி உட்கார்ந்து, குழிக்கு ஒன்றரை அடி இடப்பக்கமாக விரலைக் காட்டி "இங்க விடுங்க" என்பார். உங்கள் கண்ணுக்கு அந்த இடம் சமதரையாகத்தான் தெரியும். பரவாயில்லை, அங்கேயே விடுங்கள். குழி நாலேகால் அங்குல அகலம். கண்ணை நம்பி அடித்தால் பந்து அதன் ஓரத்தைக்கூடத் தொடாது. கெடி உங்கள் வயதுப் பையனாக இருந்தாலும் "நீ, வா, போ" வேண்டாம். கொழும்புக்காரர் அப்படிக் கூப்பிட்டால் நமக்குச் சுடுகிறது அல்லவா?

4. ஆறாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிவு. கீழே நூறு யார் போகிற அடி இங்கே ஆறேழு யார் கூடப் போகும். குளிர்ந்த காலையில் அந்த லாபம் குறையும். புதுசாக ஆடுகிறவர்கள் இந்தக் கணக்கில் தலையைப் போட்டு உடைக்க வேண்டாம்.

5. பந்து காட்டுக்குள் போனால் மூன்று நிமிசம்தான் தேடலாம். 2019க்கு முன் ஐந்து நிமிசம் இருந்தது. கிடைக்காவிட்டால் ஒரு அடி தண்டம், அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். பின்னால் வேகமாக ஆடுகிறவர்கள் வந்தால் வழி விடுங்கள்.

6. இடி கேட்டால் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். மரத்தடி ஆகாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் மின்னல் அதிகம். மைதானத்தை ஒட்டியிருக்கும் பழைய மயானத்தில் மேஜர் ரொஜர்ஸின் கல்லறை உண்டு. ஆயிரத்துக்கும் மேல் யானை சுட்டவர் என்று பேர் எடுத்த அந்த வெள்ளைக்காரரை 1845இல் ஹப்புத்தளையில் கொன்றது யானை இல்லை, மின்னல். யானைகளின் சாபம் என்று ஊரில் சொல்வார்கள். சாபமோ என்னமோ, கையில் இரும்புக் கம்போடு திறந்த வெளியில் நிற்காதீர்கள்.

7. பெயர்ந்த புல்லைத் திரும்ப வைத்து மிதியுங்கள். மணல்குழியில் பதிந்த உங்கள் காலடியை வாரியால் அழியுங்கள். மற்றவர் அடிக்கும்போது வாய் திறக்கக் கூடாது. இது நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

8. முதல் நாளில் எண்ணிக்கை எழுத வேண்டாம். ஒன்பது குழி ஆட விடுவார்களா என்று கேளுங்கள். விட்டால் அதோடு நிறுத்துங்கள். பதினெட்டு ஆடினால் நாலு மணித்தியாலம் போய்விடும். மசக்கெலியா, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று பஸ் மாறிப் போய் அதே வழியில் திரும்பவும் வர வேண்டும். டிசம்பர் போயாவில் இருந்து வெசாக் வரை, சிவனொளிபாத மலை சீசனில், ஹட்டனில் இருந்து நல்லதண்ணிக்கு விசேட பஸ்கள் ஓடும். மற்ற மாதங்களில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் போகும்போதே ஹட்டன் ஸ்டாண்டில் கேட்டு வையுங்கள்.