கீசர் வால்வை அடைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் குடிக்க மாநகராட்சி நல்ல தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர்தான். ஆய்வகத்தில் பார்த்தபோது கடினத்தன்மை 700. பழைய கீசரில் அடிக்கடி காயில் போனதால், மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் 25 லிட்டர் ரெசின் உள்ள சாஃப்ட்னர் வைத்தோம். கீசரும் புதிது. ஆனால் இப்போது ஷவரில் தண்ணீர் நூலாக விழுகிறது. டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் குறையவே இல்லை. கீசர் வால்வு சொட்டியது. பிளம்பர் அதற்கு மூடி போட்டார். போன வாரம் புதுக் காயிலும் போய்விட்டது. சாஃப்ட்னரைத் தூக்கிவிட்டு வீடு முழுக்க ஆர்.ஓ. போடலாமா? அல்லது சோலாருக்கு மாறலாமா?

— ஒரு வாசகர், கோவை

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றும்வரை கீசர் சுவிட்சைத் தொடாதீர்கள். 25 லிட்டர் தண்ணீர் சூடானால் கால் லிட்டருக்கு மேல் விரியும். வந்த வழியே திரும்பிப் போகவிடாத வால்வு இருப்பதால், விரிந்த தண்ணீர் அந்தச் சொட்டாகத்தான் வெளியேறியாக வேண்டும். அது பழுதல்ல. அதை அடைத்திருக்கும்போது தெர்மோஸ்டாட்டும் கெட்டால் டேங்க் வெடிக்கும். ஒரு சிறு ட்யூபை மாட்டி, சொட்டுவதைத் தரையில் விடுங்கள், போதும்.

அடுத்தது மீட்டர். சாஃப்ட்னரை அதை வைத்து எடைபோடக் கூடாது. ரெசின் உப்பை அகற்றுவதில்லை, மாற்றிக்கொடுக்கிறது: 40 பங்கு கால்சியத்தை எடுத்தால் 46 பங்கு சோடியத்தைத் தருகிறது. எண் எப்படிக் குறையும்? ஹார்ட்னெஸ் கிட் என்று சொட்டு மருந்துபோல ஒன்று கிடைக்கும். சாஃப்ட்னரைத் தாண்டி வரும் தண்ணீரில் அதை விடுங்கள். உடனே நீலமானால் இயந்திரம் வேலை செய்கிறது. சிவப்பாகவே நின்றால் ரெசின் களைத்துவிட்டது.

உங்கள் வீட்டில் சிவப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டருக்கு 1,250 கிராம். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 0.7 கிராம். ஆக, 1,800 லிட்டர் ஓடியதும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவியாக வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டில் அது மூன்று நான்கு நாள் கணக்கு. ஒவ்வொரு தடவையும் நாலைந்து கிலோ உப்பு. 'மாசம் ஒரு தடவை உப்பு போட்டா போதும் சார்' என்று விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை. மீதி நாளெல்லாம் பழைய போர் தண்ணீரே கீசருக்குப் போகும். காயிலைக் கழற்றிப் பாருங்கள், வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியிருக்கும். சூடு தண்ணீருக்குப் போக வழியின்றிக் காயில் தன்னையே பொசுக்கிக்கொண்டிருக்கிறது. இனி தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் கீழே வையுங்கள், படிவு மட்டுப்படும்.

ஷவர் மெலிந்ததற்குக் காரணம், சாஃப்ட்னர் வைத்த இடம். பத்தடி உயர டேங்க் தரும் அழுத்தம் 0.3 கிலோதான். சாஃப்ட்னருக்கு ஒன்றரை, இரண்டு கிலோ வேண்டும். அந்த மெல்லிய ஓட்டத்தில் பேக்வாஷும் சரியாக நடக்காது. போரிலிருந்து டேங்குக்கு ஏறும் மோட்டார் லைனுக்கு அதை மாற்றுங்கள். மோட்டார் தள்ளும் வேகத்தை அந்த வெசல் தாங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தானியங்கி வால்வு என்றால் மோட்டார் ஓடாத நள்ளிரவில் கழுவப் பார்க்கும். கையால் திருப்பும் வால்வே உங்களுக்குத் தோது.

வீடு முழுக்க ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம். குளிக்கவும் துவைக்கவும் அது எதற்கு? பாதிக்கு மேல் சாக்கடைக்குப் போகும். குடிக்க நல்ல தண்ணீர் இருக்கவே இருக்கிறது. அந்தக் குழாயை மட்டும் சாஃப்ட்னரோடு சேர்க்காதீர்கள். உங்கள் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 320 மில்லிகிராம் சோடியம் கூடும். ரத்த அழுத்தக்காரர்களுக்கு அது ஆகாது.

சோலார் நல்லதுதான், ஆனால் கிட் நீலம் காட்டிய பிறகு. கோவை வெயிலில் கீசரைவிடச் சூடேறும், படிவும் அதற்கேற்ப வேகமாகச் சேரும். தட்டை வகையின் மெல்லிய செம்புக் குழாய்கள் அடைத்தே போகும். கண்ணாடிக் குழாய் வகை பார்க்கலாம். வெந்நீர் இறங்கும் லைனுக்கு சி.பி.வி.சி. போடச் சொல்லுங்கள். சாதாரண பி.வி.சி. அந்தச் சூட்டில் வளைந்து, ஜாயின்ட்டில் ஒழுகத் தொடங்கும்.