தொண்ணூற்றொன்பது ஆண்டு வீடு

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது பழமொழி. சொந்த வீட்டின்மீது மக்களுக்கு இருக்கும் பற்றை இது காட்டுகிறது. சிங்கப்பூரில் பெரும்பாலான குடும்பங்கள் இந்த ஆசையை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளால் நிறைவேற்றிக்கொண்டுள்ளன. ஆனால், அந்த வீடுகளுக்கு ஒரு கால வரம்பு உண்டு. கழகம் அவற்றை 99 ஆண்டுக் குத்தகைக்கே விற்கிறது. குத்தகைக் காலம் முடிந்த பிறகு வீடு என்ன ஆகும்? அந்தக் காலத்தை நீட்டிக்க முடியுமா?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்கப்பட்டது. அக்காலத்தில் பலர் கம்பத்து வீடுகளிலும் நெரிசல் மிகுந்த கடைவீடுகளிலும் வசித்தனர். 1961ஆம் ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். மக்களுக்கு விரைவாக வீடு கட்டித் தரவேண்டிய தேவை மேலும் கூடியது. தொடக்கத்தில் கழகத்தின் வீடுகள் வாடகைக்கு விடப்பட்டன. 1964ஆம் ஆண்டு, மக்கள் அவற்றை வாங்குவதற்கான திட்டம் அறிமுகமானது. 1968ஆம் ஆண்டு முதல், மத்திய சேமநிதியில் சேர்ந்த பணத்தைக் கொண்டும் வீடு வாங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. சாதாரணத் தொழிலாளர்களும் வீட்டு உரிமையாளர்கள் ஆயினர்.

குத்தகை என்பது ஒன்றைக் குறிப்பிட்ட காலத்திற்கு அனுபவிக்கும் உரிமை. வீட்டு உரிமையாளர் அந்தக் காலத்தில் வீட்டில் வசிக்கலாம், விதிகளுக்கு உட்பட்டு அதை விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். ஆனால், வீடு கைமாறும்போது குத்தகை புதிதாகத் தொடங்குவதில்லை. மறுவிற்பனை வீட்டை வாங்குபவருக்கு எஞ்சிய ஆண்டுகள் மட்டுமே கிடைக்கும். காலம் முடிந்ததும் வீடு கழகத்திடம் திரும்பிச் செல்லும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஈசூனில் ஒரு முதியவர் 1985ஆம் ஆண்டு புதிய நான்கறை வீடு ஒன்றை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அதன் குத்தகை 2084ஆம் ஆண்டில் முடியும். 2011ஆம் ஆண்டு பிறந்த அவருடைய பேத்தி ஒருநாள் அவரிடம் கேட்கிறாள்:

“தாத்தா, இந்த வீடு பிற்காலத்தில் எனக்குத்தானே?”

“உன் அம்மாவுக்குப் பிறகு உனக்குத்தாம்மா. ஆனால், 2084 வரைக்கும்தான்.”

“அப்போது எனக்கு 73 வயதாகியிருக்குமே! அந்த வயதில் நான் எங்கே போவேன்?”

பேத்தியின் கேள்வி நியாயமானது. தாத்தாவுக்கு 99 ஆண்டுகள் முடிவில்லாத காலமாகத் தோன்றியிருக்கலாம். பேத்திக்கோ அது தன் வாழ்நாளுக்குள்ளேயே முடிகிறது.

குத்தகை முடிந்து நிலம் அரசாங்கத்திடம் திரும்பியதைச் சிங்கப்பூரர்கள் கண்டிருக்கிறார்கள். கேலாங் லோரோங் 3இல் 191 தனியார் தரைவீடுகள் இருந்தன. அவற்றின் குத்தகை 60 ஆண்டுகள். அது 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி முடிந்தது. அந்த இடம் புதிய பொதுக் குடியிருப்புக்குத் தேவைப்பட்டதால் குத்தகை நீட்டிக்கப்படவில்லை. உரிமையாளர்கள் இழப்பீடு இன்றி வீடுகளை ஒப்படைத்தனர்.

தனியார் நிலத்தின் குத்தகையை நீட்டிக்கச் சிங்கப்பூர் நில ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். ஆனால், அனுமதி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற நகரத் திட்டத்திற்கு விண்ணப்பம் பொருந்த வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த வேண்டும்.

கழக வீடுகளின் நிலை வேறு. ஒரு குடும்பம் தன் வீட்டின் குத்தகையை மட்டும் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ள முடியாது. 1995ஆம் ஆண்டு முதல், செர்ஸ் என்ற மறுமேம்பாட்டுத் திட்டத்தின்கீழ்ச் சில பழைய புளோக்குகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அங்கு வசித்தவர்கள் இழப்பீடு பெற்று, 99 ஆண்டுக் குத்தகையுள்ள புதிய வீடுகளுக்கு மாறினர். இதைக் கண்ட பலர், தங்கள் பழைய வீட்டுக்கும் அந்த வாய்ப்பு வரும் என்று நம்பினர். சிலர் பழைய வீடுகளை அதிக விலை கொடுத்து வாங்கினர். 2017ஆம் ஆண்டு, அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் திரு லாரன்ஸ் வோங், அவ்வாறு எண்ணி வீடு வாங்க வேண்டாம் என எச்சரித்தார். ஏறத்தாழ 5 விழுக்காட்டு வீடுகளே அத்திட்டத்திற்கு ஏற்றவை என அரசாங்கம் விளக்கியது.

அடுத்த ஆண்டு, அப்போதைய பிரதமர் திரு லீ சியன் லூங் தமது தேசிய தினப் பேரணி உரையில் வெர்ஸ் என்ற புதிய திட்டத்தை அறிவித்தார். இதன்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட வட்டாரங்களில் 70 ஆண்டுகளை எட்டிய வீடுகளின் உரிமையாளர்கள் வாக்களிக்கலாம். போதிய ஆதரவு இருந்தால், குத்தகை முடியும் முன்பே அரசாங்கம் அவ்வீடுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆதரவு இல்லையென்றால், குத்தகை முடியும்வரை அவர்கள் அங்கேயே வசிக்கலாம்.

ஆகவே, வீடு வாங்கும் முன்பு எஞ்சிய குத்தகைக் காலத்தைக் கணக்கிடுவது அவசியம். முப்பது வயதுத் தம்பதியர் 50 ஆண்டுக் குத்தகை எஞ்சிய வீட்டை வாங்கினால், அவர்களுக்கு 80 வயதாகும்போது குத்தகை முடிந்துவிடும். 2019ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள விதிப்படி, வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடிக்க வேண்டும். இல்லையேல், அவர்கள் பயன்படுத்தக்கூடிய சேமநிதிப் பணம் குறையும். முதியவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 65 வயதைக் கடந்த தகுதியுள்ளோர், எஞ்சிய குத்தகையின் இறுதிப் பகுதியைக் கழகத்திடமே விற்கலாம். அதே வீட்டில் தொடர்ந்து வசித்தபடி, அப்பணத்தை ஓய்வுக்கால வருமானமாகப் பெறலாம்.

‘உழைத்து வாங்கிய வீட்டை ஏன் திருப்பித் தரவேண்டும்?’ என்று உரிமையாளர் கேட்பது இயல்பே. ஆனால், சிங்கப்பூர் ஒரு சிறிய தீவு. இருக்கும் நிலம் முழுவதும் இன்றைய குடும்பங்களுக்கே என்றென்றும் உரியதாகிவிட்டால், நாளை பிறக்கும் பிள்ளைகளுக்கு வீடு கட்ட இடம் இராது. பெற்றோரிடம் வீடு இருப்பவருக்கே வீடு என்றாகிவிடும். திரும்பிவரும் நிலத்தில்தான் அடுத்த தலைமுறைக்கான புதிய வீடுகள் எழ முடியும்.

குத்தகை தொடங்கிய ஆண்டையும் எஞ்சிய காலத்தையும் கழகத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். அந்த எண்ணைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்த்து, இன்றே மனம்விட்டுப் பேசுவது நல்லது. வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நினைக்கும் பெற்றோர், அதில் எத்தனை ஆண்டுகளை விட்டுச்செல்கிறோம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.