பழைய பில் நிரலும் புதிய லினக்ஸும்



விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. நம் கடைகளில் உள்ள பழைய கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. புதிது வாங்கலாம், அல்லது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறலாம். லினக்ஸ் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 2007-ஆம் ஆண்டு வாக்கிலேயே தமிழக அரசின் எல்காட் நிறுவனம், திரு. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது.

நாங்களும் மாறினோம், ஆனால் அவசரப்பட்டோம். எங்கள் மளிகை மண்டியின் பற்றுவரவு முழுவதும் பாக்ஸ்ப்ரோவில் எழுதிய பழைய பில் நிரலில் இருந்தது. நகல் எடுக்காமலே லினக்ஸ் போடச் சொன்னோம். வட்டில் இருந்தது எல்லாம் அழிந்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய நகல் ஒன்று ஆடிட்டரிடம் கிடைத்தது. இடைப்பட்ட பற்றுகளைச் சிட்டையைப் பார்த்து எழுதினோம். சிட்டையில் விடுபட்டதை நெசவாளர் வீட்டாரே வந்து சொல்லிக் கொடுத்தார்கள். அது அவர்கள் நேர்மை. நம் திறமை அல்ல.

ஆகவே மாற நினைப்போர் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் நகல். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். நிரல் போனால் வேறு வாங்கலாம். கணக்கு போனால் எங்கே வாங்குவது?

2. வேர்டு, எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்கும். மேக்ரோ வைத்த எக்செல் தாள்களை மட்டும் சோதித்துப் பாருங்கள், சில ஓடாது. பாக்ஸ்ப்ரோவின் டி.பி.எப். கோப்புகளை லிப்ரே ஆபீஸ் கால்க் நேரடியாகவே திறக்கும். எங்கள் பழைய பற்றுகளை அப்படித்தான் மீட்டோம்.

3. டாஸ் காலத்து நிரலுக்கு டாஸ்பாக்ஸ், விண்டோஸ் நிரலுக்கு வைன் என்று வழிகள் உண்டு. ஆனால் எல்லா நிரலும் வைனில் ஓடும் என்று நம்பிவிடக் கூடாது. டாலி போன்று விண்டோஸுக்கென எழுதிய நிரலை நம்பியிருப்போர் அதற்கு மட்டும் ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொள்வதே நிம்மதி.

4. பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பெயர்கள் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத குறிகளாகத் தெரியும். எழுத்துருக் கோப்பையும் உடன் எடுத்து வையுங்கள். பின்பு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

5. லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வட்டைத் தொட வேண்டாம். பில் அச்சாகிறதா, பார்கோடு படிக்கிறதா என்று பார்த்த பிறகே நிறுவுங்கள்.

6. ஒரு மாதம் பழையதிலும் புதியதிலும் சேர்த்தே பில் போட்டு, அன்றாடம் மாலை இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வைகாசி கருட சேவை, தீபாவளி வியாபார நாட்களில் மட்டும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். கணினியில் போடுவதற்கும் அதுவே விதி. சிட்டைப் புத்தகத்தையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.