மேஜருக்குத் துணையாக என்ன படிக்கலாம்?

தவளக்குப்பம்,
ஜூலை 6

அன்புள்ள யாழினிக்கு,

பெரியப்பா எழுதுவது. ஊடகவியலை மேஜராக எடுத்துக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் முதல் ஆண்டுப் பாடப் பட்டியலில் புள்ளியியல், வரலாறு, சூழலியல் எல்லாம் இருப்பதைப் பார்த்து, “கேமராவும் எடிட்டிங்கும் படிக்க வந்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று அலுத்துக்கொண்டாயாம். உன் கேள்வி நியாயமானது. போனில் பேசினால் பாதியில் நின்றுபோகும் என்பதால் எழுதுகிறேன்.

நம் ஊருக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கும் நல்லவாட்டை எடுத்துக்கொள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர்ப் பையன் ஒருவன் சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தான். உடனே ஊரை விட்டு வெளியேறச் சொன்னான், மற்றவர்களுக்கும் சொல்லச் சொன்னான். ஊர்க்காரர்கள், அங்கே தகவல் சொல்வதற்காக இருந்த அறிவு மையத்தின் பூட்டை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் நாசமாயின. ஆனால் அங்கிருந்த 3,000-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள்.

ஒரு போனும் ஒரு ஒலிபெருக்கியும் ஊரைக் காப்பாற்றின என்று இதைச் சுருக்கிச் சொல்வார்கள். அந்த ஒலிபெருக்கி அங்கே எப்படி வந்தது, அதில் சொன்னதை மக்கள் ஏன் நம்பி ஓடினார்கள் என்பதுதான் நீ படிக்க வேண்டிய பாடம். எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் இந்த மையங்களைத் தொடங்கியது. மக்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று முதலில் கேட்டறிந்தார்கள். சாதி, பால் வேறுபாடு இல்லாமல் எல்லோரும் வந்து போகும் பொது இடத்தில்தான் மையம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். உள்ளூர்ப் பெண்களுக்குக் கணினிப் பயிற்சி கொடுத்து அவர்களையே நடத்தச் சொன்னார்கள். வீராம்பட்டினத்தில் அலை உயரம் பற்றிய முன்கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர் முடிவு செய்ய அது உதவியது.

இதற்குள் எத்தனை படிப்பு இருக்கிறது, பார். அலையைக் கணிப்பது கடலியல். எந்தத் தெருவில் மையம் வைத்தால் யார் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே அறிவது சமூகவியல். முன்கணிப்பு எவ்வளவு தூரம் தவறலாம் என்று புரிந்துகொள்வது புள்ளியியல். அதை மீனவருக்கு விளங்கும்படி இரண்டு வரியில் சொல்வது தமிழ். ஒலிபெருக்கியை இயக்குவது இதில் கடைசி வேலை, எளிய வேலையும்கூட. முந்தியவை இல்லாவிட்டால் கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் அதில் சொல்ல ஒன்றும் இருக்காது. சொன்னாலும் கேட்க ஆள் இருக்காது.

வரலாறு எதற்கு என்றாய். 1908-இல் சென்னையில் பாரதியின் ‘இந்தியா’ வார இதழ்மேல் ஆங்கில அரசு வழக்குப் போட்டபோது அவர் புதுச்சேரிக்கு வந்தார். அதே ஆண்டு இதழும் இங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சி நடந்த மண்ணில் ஆங்கிலேயச் சட்டம் செல்லாது என்பதால் அச்சகத்தைத் தொட முடியவில்லை. ஆனால் வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் இருந்தார்கள். இதழைத் தன் எல்லைக்குள் வரவிடாமல் ஆங்கில அரசு தடுத்ததும் 1910-இல் அது நின்றுபோயிற்று. எழுத்தும் அச்சும் கைவசம் இருந்தும் போதவில்லை. வாசகரிடம் கொண்டுசேர்க்கும் வழி அடுத்தவர் பிடியில் இருந்தது. இன்று சமூக ஊடக நிறுவனம் ஒன்று ஒரு பக்கத்தை முடக்கும்போது நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். சட்டமும் வரலாறும் படித்தவளுக்கு இது உடனே பிடிபடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பல துறை படிக்கிறேன் என்று நுனிப்புல் மேய்ந்துவிடாதே. எல்லாவற்றிலும் அறிமுகப் பாடம் மட்டும் படித்தவளிடம் மேடையில் பேசச் சரக்கு இருக்கலாம். ஒரு அதிகாரி தரும் கணக்கைச் சரிபார்க்கத் தெம்பு இருக்காது. ஊடகத்தோடு இன்னொரு துறையை மைனராக எடுத்து, மூன்று ஆண்டும் விடாமல் படி. புள்ளியியலைப் பயந்து ஒதுக்காதே. தமிழில் நாள்தோறும் ஒரு பக்கமாவது எழுது.

வேலை கிடைக்குமா என்று உன் அம்மா கவலைப்படுவது எனக்குத் தெரியும். இன்றைக்கு நீ பழகும் எடிட்டிங் மென்பொருள் நீ படிப்பு முடிப்பதற்குள் மாறிவிடும். வெட்டி ஒட்டும் வேலையைக் கணினியே செய்யத் தொடங்கிவிட்டது. கடலையோ மருத்துவத்தையோ பட்ஜெட்டையோ தெரிந்து எழுதுபவரின் தேவை அவ்வளவு எளிதில் போகாது. கருவியைப் பழகு, நன்றாகவே பழகு. ஆனால் அதை மட்டும் நம்பி இராதே.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தத் தடையால் மீன்வளம் பெருகுகிறதா, அந்த நாட்களில் மீனவக் குடும்பம் எப்படிச் சமாளிக்கிறது, நிவாரணம் எப்போது கைக்கு வருகிறது என்று விசாரித்துக் கட்டுரை எழுது. மீனின் இனப்பெருக்கம் பற்றி உன் கல்லூரி உயிரியல் ஆசிரியரிடம் கேள். மீன் வியாபாரம் செய்யும் அக்காமார்களிடம் விலை நிலவரம் கேள். எந்த இடத்தில் உனக்குப் புரியாமல் நிற்கிறதோ, அந்தத் துறையையே மைனராக எடுத்துக்கொள். பொங்கலுக்கு வரும்போது கட்டுரையைக் கொண்டு வா. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்பேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா