கொடைக்கானல் வீட்டைத் திறக்கப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

கடிதம் கிடைத்தது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கொடைக்கானல் வீட்டை மே மாதத்துக்குள் தயார் செய்யவேண்டும், சுவரெல்லாம் கருப்பு கருப்பாகப் பூசணம் பூத்திருக்கிறது, அதை மறைக்க எந்தக் கம்பெனி பெயின்ட் நல்லது, என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கூடவே உன் மனைவி எடுத்துவைத்திருக்கும் திரைச்சீலைத் துணியின் படம் வேறு. துணி நன்றாக இருக்கிறது, அவளிடம் சொல். உன் கேள்விதான் சரியில்லை.

பூசணத்தின் மேல் பெயின்ட் அடிப்பது குளிக்காமல் பவுடர் போட்டுக்கொள்வது போல. அந்தச் சுவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாயா? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அந்த மலையில் கொட்டித் தீர்க்கும். கூரை ஓரத்துத் தகர வாய்க்காலில் யூகலிப்டஸ் இலையும் பாசியும் அடைத்துக்கொண்டால், வழிகிற தண்ணீர் நேரே சுவரில்தான் இறங்கும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கார்த்திகையிலேயே உனக்குப் போன் போட்டு, வடக்குச் சுவர் ஊறுகிறது என்று சொன்னாராமே. "சரிங்க, வரும்போது பார்க்கலாம்" என்றாயாம். உன் அப்பன் இதைச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே முதல் வேலை ஏணி. வாய்க்காலை வழித்து, உடைந்த ஓட்டை மாற்றி, மேலேயிருந்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார். எங்கே கசிகிறதோ அங்கே உன் பதில் இருக்கிறது. அதன் பிறகு சுவரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஜன்னல்களைத் திறந்துபோட்டுக் காயவிடு. ஒரே நாளில் காயாது. அவசரப்பட்டு மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, அடுத்த வருடம் பொருக்குப் பொருக்காக உரியும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால் சுண்ணாம்புதான் அடிக்கவேண்டும். அது சுவரை மூச்சுவிட வைக்கும். கூரை வேலையை மட்டும் தள்ளிப்போடாதே. சித்திரையிலேயே கோடை மழை வந்துவிடும்.

"விருந்தாளிகள் வருகிறார்களே அத்தை, சுவர் அசிங்கமாக இருக்காதா?" என்பாய். இருக்கட்டும். கட்டில்களைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடு. மெத்தை, கம்பளி எல்லாவற்றையும் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவை. சுவரில் கறை இருப்பதை விருந்தாளி மறந்துவிடுவார். ஈர மெத்தையில் படுத்ததைப் பத்து வருடம் சொல்லிக்காட்டுவார்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி பெண்டாட்டி, பிள்ளை, மாமியார் எல்லோரையும் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போய், சனிக்கிழமை காலையில் பூட்டைத் திறந்து, மத்தியானத்துக்குள் வீட்டைப் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று திட்டம் வைத்திருப்பாய். வேண்டாம். இரண்டு வாரம் முன்னதாக, கைவேலை தெரிந்த நண்பன் ஒருவனோடு போய் வா. 1845-இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டிய அமெரிக்கப் பாதிரிமார்கள் கார் ரோடே இல்லாத காலத்தில் மலை ஏறினார்கள். நீ இரண்டு தடவை போனால் தேய்ந்துவிட மாட்டாய். இ-பாஸ் மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொள். 2024 மே மாதத்திலிருந்து அது இருக்கிறது. சொந்த வீட்டுக்குத்தானே போகிறேன் என்று செக்போஸ்ட்டில் நின்று சட்டம் பேசாதே.

கதவைத் திறந்ததும் கை தானாக லைட் சுவிட்சுக்குப் போகும். போகக்கூடாது. முதலில் மூக்கு. கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடு. வாடை இல்லாவிட்டாலும் சிலிண்டரின் ரப்பர் டியூபை மாற்றிவிடு. ஐந்து வருடத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது. எலி கடித்திருந்தால் ஐந்து நாள்கூட வைத்திருக்கக் கூடாது.

பூட்டிக் கிடந்த வீடு காலியாக இருந்தது என்று நீ நினைக்கிறாய். எலிகள் அப்படி நினைக்கவில்லை. புழுக்கையைப் பார்த்ததும் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கித் தள்ளாதே, அந்தத் தூசி மூக்குக்குள் போகும். அரைமணி நேரம் காற்றாட விட்டு, பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தெடு. எலியின் மூத்திரத்தால்தான் எலிக்காய்ச்சல் வருகிறது. கையில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் போதும், கிருமி உள்ளே போக. மெயின் சுவிட்சைப் போடுவதும் எலிக்குப் பயந்துதான். ஒவ்வொரு அறையாகப் போட்டுப் பார். எந்த அறைக்கு ட்ரிப் ஆகிறதோ, அங்கே ஒயர் கடிபட்டிருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. நீ என்ஜினியர் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கூப்பிடு.

பாத்ரூமில் சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்று போன வருடம் முழுப் பாட்டில் பினாயில் கவிழ்த்தீர்களே, ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருந்தால் போயிருக்கும். ஜாலிக்குக் கீழே வளைந்த குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையைத் தடுத்து நிறுத்துவது. மாதக்கணக்கில் யாரும் குளிக்காவிட்டால் அது வற்றிப்போகும். கழுவுதொட்டி, கக்கூஸ் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்று.

தொட்டியில் மிச்சமிருக்கும் பழைய தண்ணீரைக் கொட்டிவிடு. மனசு வராது, சீசனில் அந்த ஊரே தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். செடிகளுக்கு ஊற்று, திண்ணையைக் கழுவு, ஆனால் பல் விளக்கக் கொடுக்காதே. உள்பக்கச் சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவியபின் புதுத் தண்ணீர் பிடித்து, 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று கணக்கிட்டு, ஒரு வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்று. அரைமணி நேரம் கழித்து ஒவ்வொரு குழாயையும் திறந்துவிடு. முதலில் செம்மண் நிறத்தில் வரும், பயப்படாதே, துருதான். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்தபிறகே கீசரைப் போடவேண்டும். காலி கீசரைப் போட்டால் காயில் கருகிவிடும்.

கணப்பு பற்றி நீ கேட்கவே இல்லை. ஆனால் போன அன்று ராத்திரியே பற்றவைப்பாய் என்று தெரியும். புகைபோக்கிக்குள் பறவைக் கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் விறகில் நெருப்பு வைக்காதே. அதைவிட முக்கியம், கணப்பு சரியில்லை என்று இரும்புச் சட்டியில் கரியைப் பற்றவைத்துப் படுக்கையறைக்குள் கொண்டுபோகிற வேலை வேண்டவே வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. கொடைக்கானலிலேயே கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். இதில் உன்னிடம் விளையாட்டுப் பேச்சு கிடையாது. குளிர்ந்தால் இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்.

தோட்டத்தை நீயே வெட்டிச் சீர்செய்யப் போகாதே. புதருக்குள் குளவிக்கூடு இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் காட்டெருமை ஊருக்குள்ளேயே வரும். போட்டோ எடுக்கக் கிட்டே போகாதே, பிள்ளைகளிடமும் சொல்லிவை.

கடைசியாக, அந்தப் பெரியவர். வருடத்தில் பதினோரு மாதம் அந்த வீட்டை அறிந்தவர் அவர் ஒருவர்தான். கூரையில் எந்த ஓடு, பம்புசெட்டில் எந்த வால்வு, எந்த ஜன்னல் மழையில் உப்பிக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். யூடியூபைப் பார்த்துவிட்டு அவருக்கு நீ பாடம் எடுக்காதே. நாலு மாதச் சம்பளம் பாக்கி என்று கேள்விப்பட்டேன். திரைச்சீலைக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் அதை அனுப்பிவிடு, இன்றைக்கே.

அன்புடன்,
அத்தை